காரைக்காலிலிருந்து பிரான்ஸ் போகும் பிள்ளைகளுக்கு: தத்துவப் பாடத்தை இணையத்தில் படிப்பது எப்படி

காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு பக்கமிருந்து குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிற, அல்லது போய் இறங்கிச் சில மாதமே ஆன, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வீடு, ரயில் பாஸ், மருத்துவ அட்டை இதெல்லாம் பாரிசில் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தத்துவம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பாடமே கிடையாது, பெரியவர்களுக்கும் அது தெரியாது.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. பாரிஸ் புறநகரில் ஒரு லிசேயில் (அங்கே மேல்நிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர்) கடைசி வருடம் சேர்ந்தபோது முதல் கட்டுரை சுதந்திரத்தைப் பற்றி. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்து தத்துவவாதிகள் சுதந்திரத்துக்குச் சொன்ன விளக்கங்களை மனப்பாடம் செய்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். 20க்கு 4 வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "பிரச்சினை எங்கே?" என்று எழுதியிருந்தது. கட்டுரையில் பிரச்சினை இல்லாமல் இருப்பதுதானே நல்லது, இவர் என்ன கேட்கிறார் என்று பல வாரம் எனக்குப் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். அந்த மூன்று மாதத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பிவிட்டேன், அரசலாற்றுப் பக்கம் வீடு, சனிக்கிழமை இரவுகளில் வீடியோ காலில் அங்கே இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். (கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும்போது மறந்துவிடாதீர்கள்.)

முதலில் கணக்கு. லிசேயின் கடைசி வகுப்பு தெர்மினால். பொதுப் பிரிவில் வாரம் 4 மணி நேரம் தத்துவம், தொழில்நுட்பப் பிரிவில் 2 மணி நேரம். ஜூன் நடுவில் ஒரு காலை, 8 மணிக்குத் தொடங்கி 12 வரை தேர்வு. பாக் என்கிற பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் மொத்த எடை 100 என்றால் பொதுப் பிரிவில் தத்துவத்துக்கு 8, தொழில்நுட்பப் பிரிவில் 4. மூன்று கேள்வி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: இரண்டு கட்டுரைக் கேள்விகள், ஒன்று உரைப்பகுதி விளக்கம். 2020இலிருந்து நடப்பில் உள்ள பாடத்திட்டத்தில் பாடநூலை அத்தியாயம் அத்தியாயமாக முடிக்கும் வேலை இல்லை, 17 கருத்துகள் மட்டுமே இருக்கின்றன: மகிழ்ச்சி, கடமை, அரசு, நீதி, மொழி, உழைப்பு, காலம், உண்மை, மதம் இப்படி. தொழில்நுட்பப் பிரிவுக்கு அதில் 7. இவற்றை எந்த வரிசையில் நடத்துவது என்பது ஆசிரியர் விருப்பம், அதனால் பக்கத்து வகுப்புப் பிள்ளையின் நோட்டு உங்களுக்கு நேராகப் பொருந்தாது. தத்துவ நூலாசிரியர்களின் பட்டியலில் பிளேட்டோவிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள், நம் நாட்டு பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரும் அதில் இருக்கிறார்.

பள்ளியில் சேர்வது பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை காஸ்னாவ் என்ற அமைப்பு சோதித்துப் பார்த்து வகுப்பு சொல்லும், பிரெஞ்சு போதாதென்றால் புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்போடு சேர்த்து வைப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினேழு வயதாகிவிட்டது, நேராகத் தெர்மினால்தான் வேண்டும் என்று அப்பாக்கள் அலுவலகத்தில் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் முந்திய வகுப்பில் உட்கார்ந்தால் தத்துவத்துக்கு முன்னால் மொழிக்கு ஒரு வருடம் கிடைக்கிறது, அது பெரிய விஷயம்.

சரி, இணையம். இலவசமாகவே நிறைய இருக்கிறது. பொதுத் தொலைக்காட்சி, வானொலிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் லும்னி தளத்தில் தெர்மினால் தத்துவக் காணொளிகள் கிடைக்கும். கல்வி அமைச்சகத்தின் எதுஸ்கோல் தளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. ஃபிரான்ஸ் குல்த்யூர் வானொலியின் தத்துவ ஒலிப்பதிவுகள் காதுக்கு நல்லவை, ரயிலில் கேளுங்கள், பாதி புரிந்தால் போதும். தொலைநிலைக் கல்விக்கு அரசே க்னெட் என்ற நிறுவனத்தை 1939இலிருந்து நடத்துகிறது, ஆனால் லிசேயில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அது தேவைப்படாது. நூல்களுக்கு பிரெஞ்சு விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகம். பிரெஞ்சில் எழுதிய தத்துவவாதிகள் தெகார்த், பஸ்கால், ரூசோ எல்லாம் அங்கே முழுதாக இருக்கிறார்கள், காப்புரிமைக் காலம் முடிந்தவர்கள்.

இத்தனை இருந்தும் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காணொளி பார்ப்பதைப் படிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஸ்பினோசா, பத்து நிமிடத்தில் கான்ட் என்று இரவு முழுக்கப் பார்த்துவிட்டு மறுநாள் ஒரு வரி எழுதச் சொன்னால் கை நிற்கிறது. காணொளியில் யோசித்தவர் வேறு ஒருவர், நீங்கள் அவர் யோசித்து முடித்ததைக் கேட்டீர்கள், அவ்வளவுதான். ஏஐயிடம் கட்டுரை எழுதி வாங்குவதும் இதே கதைதான். தேர்வுக் கூடத்தில் அகராதிகூடக் கிடையாது, பேனாவும் தாளும் நீங்களும் மட்டும். ஏஐயைப் பயன்படுத்துவதானால் உங்கள் வாதத்துக்கு எதிர்வாதம் சொல்லச் சொல்லுங்கள், அதற்குப் பதிலை நீங்களே எழுதுங்கள்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வாரம் ஒரு பக்கம். ஒரே பக்கம். மூல நூலிலிருந்து எடுத்து, அச்சிட்டு, பென்சிலோடு. மொழிபெயர்ப்பில் வரும் கான்ட்டை முதலில் எடுக்காதீர்கள், பிரெஞ்சிலேயே எழுதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். தெகார்த் 1637இல் தன் முறையைப் பற்றிய உரையை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதினார், அதற்குக் காரணமும் அந்த நூலிலேயே சொல்லியிருக்கிறார்: பழைய ஏடுகளை மட்டும் நம்புகிறவர்களைவிடத் தங்கள் இயல்பான அறிவை மட்டும் பயன்படுத்துகிறவர்கள் தன் கருத்துகளை நன்றாக எடைபோடுவார்கள் என்று. புதிதாக வந்த பிள்ளைக்கு இதைவிடத் தெம்பு தரும் பக்கம் எனக்குத் தெரியாது.

பென்சிலை எங்கே வைப்பது? பெயர்ச்சொற்களில் வைக்காதீர்கள். இணைப்புச் சொற்களைத் தேடி வட்டம் போடுங்கள். ஆனால், ஆகவே, எனினும், ஏனென்றால் என்று பொருள்படும் சொற்கள்தான் வாதத்தின் மூட்டுகள். "ஓர்" (or) என்று ஒரு பிரெஞ்சுச் சொல் வரும், அகராதி தங்கம் என்று காட்டும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அது தங்கம் இல்லை. "இப்போது இதையும் பார்க்க வேண்டும்" என்று புதிதாக ஒன்றை வாதத்துக்குள் கொண்டுவருகிற சொல். அதைப் பிடித்துவிட்டால் அந்தப் பத்தி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். என்னோடு படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்த ஒரு சொல் பிடிபட்டதும்தான் உரைப்பகுதிமேல் பயம் போனது.

அப்புறம், தமிழ். வகுப்பில் பிரெஞ்சு பேசுங்கள், கட்டுரை பிரெஞ்சில்தான். ஆனால் கேள்வியை முதலில் தமிழில் வைத்துப் பாருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். பலன் நேரடியாக வருகிறது. கோன்சியான்ஸ் என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழில் மனசாட்சி ஒன்று, தன்னுணர்வு ஒன்று. பிரெஞ்சுப் பிள்ளை சிரமப்பட்டுப் பிரிக்க வேண்டிய இரண்டும் உங்கள் கையில் பிரிந்தே இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். 2024 தேர்வில் வந்த கேள்வி: "அரசு நமக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா?" என் அக்கா மகள், போய் எட்டு மாதம், பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறாள். திருநள்ளாற்றுப் பக்கம் அவர்கள் நிலம், கடைமடை. கேள்வியைப் பார்த்ததும், "சித்தி, இதுல யோசிக்க என்ன இருக்கு, அரசாங்கம் தண்ணி தரணும், தரல, அவ்வளவுதானே" என்றாள். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று அவள் தாத்தா தினமும் செய்தித்தாள் பார்த்ததைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், கோபம் நியாயம்தான். பதில் உடனே வந்துவிட்டது, கேள்விதான் இன்னும் வரவில்லை.

கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லைப் பார் என்றேன். தெவுவார். பிரெஞ்சில் அதற்குக் கடன்பட்டிருப்பது என்றும் பொருள், செய்தாக வேண்டும் என்றும் பொருள், பெயர்ச்சொல்லாக வந்தால் கடமை. தமிழில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடன்" என்றாள். பிறகு அவளாகவே, "ஆத்தா சொல்லுமே, என் கடன் பணி செய்து கிடப்பதே, அதுல கடன்னா கடமைதானே" என்றாள். அப்பர் தேவாரத்தில் அதற்கு முந்திய வரி என்ன என்று கேட்டேன், அது அவளுக்குத் தெரியவில்லை, சொன்னேன்: தன் கடன் அடியேனையும் தாங்குதல். தாங்குவது அவன் கடன், பணி செய்வது என் கடன். அங்கிருந்து அவளே ஓடினாள். கடன் என்றால் வாங்கியதைத் திருப்பித் தருவது, அப்படியென்றால் நாம் அரசுக்கு முதலில் என்ன கொடுத்தோம், வரி. வரி கட்டாதவருக்கு? நாற்று நடப் போகும் கூலிப்பெண்ணுக்கு, பிறந்த குழந்தைக்கு? இங்கே ஒரு சென்ட் வரி கட்டும் முன்பே தனக்கு லிசேயில் நாற்காலி கொடுத்தார்களே, அது எந்தக் கணக்கு? அவள் அன்று நோட்டில் எழுதிக்கொண்ட வரி இது: "கொடுத்ததைத் திருப்பித் தருவதுதான் கடன் என்றால், எதுவும் கொடுக்காதவருக்கு அரசு கடன்பட்டிருக்க முடியுமா?" என் ஆசிரியர் சிவப்பு மையில் கேட்ட "பிரச்சினை" இதுதான். வகுப்பில் இதைப் பிரொப்ளெமாத்திக் என்பார்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு நியாயம் மோதுகிற இடம்.

அதன் பிறகு ரூசோ தானாக வந்தார். 1762இல் அவர் சமூக ஒப்பந்தம் பற்றி எழுதியது, அரசு என்பது நமக்கு வெளியே நிற்கும் முதலாளி இல்லை, நாம் சேர்ந்து ஆக்கியது என்பது. அப்படியானால் நமக்கு நாமே கடன்பட்டிருக்கிறோமா? அப்போது "நாம்" யார்? இந்த இடத்தில் நான் காவிரியை மறுபடி கொண்டுவந்தேன். 2007இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி., அது வந்து சேர்வது காரைக்காலுக்கு. தலைமடையில் இருப்பவரும் கடைமடையில் இருப்பவரும் ஒரே "நாம்" தானா? கட்டுரையின் மூன்றாம் பகுதி அங்கே கிடைத்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. மேட்டூர் எது என்று திருத்துகிறவருக்குத் தெரியாது, இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள், பத்து வாக்கியம் வேண்டாம். உதாரணம் வாதத்துக்குத் துணை நிற்கும், வாதமாக ஆகாது. இன்னொன்று, நாம் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். தரங்கம்பாடி தாண்டி வடக்கே போனால் வரும் பூம்புகாரில், இந்திர விழா அறிவிப்பிலேயே சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்வதாக மணிமேகலை பேசுகிறது, அவ்வளவு பழைய வழக்கம். ஆனால் பட்டிமன்றத்தில் ஒரு அணியில் நின்று பேசுகிறோம், தீர்ப்பை நடுவர் சொல்வார். இங்கே இரண்டு அணியும் நீங்கள்தான், இரண்டையும் உண்மையாக நம்பி வாதாட வேண்டும், அப்புறம் "இரண்டும் சரிதான்" என்று முடிக்காமல், கேள்வியில் எந்தச் சொல்லை நாம் தவறாகப் புரிந்துகொண்டதால் இந்த மோதல் வந்தது என்று காட்ட வேண்டும். "கடன்" என்ற சொல்லில் நடந்தது அதுதான்.

மூன்றாம் கேள்வியான உரைப்பகுதியைப் புதியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள், நான் ஒதுக்காதீர்கள் என்பேன். அந்தப் பகுதியை எழுதியவரின் கொள்கை தெரிந்திருக்கத் தேவையில்லை என்று கேள்வித்தாளே சொல்கிறது. பகுதியில் இருப்பதை அதே சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் மதிப்பெண் போகும். எந்தக் கேள்விக்கு இவர் பதில் சொல்கிறார், யாரை மறுக்கிறார், எங்கே திரும்புகிறார், இதைச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு அறிமுகப் பத்தியாவது கையால் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். பயந்துகொண்டே கேட்பீர்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

அப்பா அம்மாவுக்கு ஒரு சொல். கடவுள் உண்டா, பெற்றவர்களுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று பிள்ளை சாப்பாட்டு வேளையில் கேட்டால், பிரான்சுக்கு வந்து கெட்டுப்போய்விட்டது என்று அதட்டாதீர்கள். அது வீட்டுப்பாடம். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, "நீ என்ன நினைக்கிறே, ஏன்?" என்று கேட்டு, அது பேசி முடிக்கும்வரை தமிழில் கேளுங்கள்.

தேர்வு நாளில் விடைத்தாளோடு கலர்த் தாள்களும் கொடுப்பார்கள், ப்ரூயோன், அதாவது முதல் வரைவுத் தாள். முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதிலேயே இருங்கள், பக்கத்தில் இருப்பவர் விடைத்தாளில் எழுதத் தொடங்கிவிட்டார் என்று பதறாதீர்கள். அந்தத் தாளை யாரும் திருத்துவதில்லை, முதல் வரியைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.