கழகத்து வட்ஸ்அப் குழுவில் நாம் விடுகிற பிழைகள்

முன்பு ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்க ஒரு வளவும் ஒரு பந்தும் போதும். இப்போது யாழ்ப்பாணத்தில் பந்துக்கு முன்னரே வட்ஸ்அப் குழு வந்துவிடுகிறது. 14 வயதுக்குட்பட்ட அணியின் குழுவைத் திறந்து பாருங்கள்: பிள்ளைகள், இரண்டு மூன்று பெற்றோர், பயிற்றுவிப்பாளர், பழைய விளையாட்டு வீரர்கள், கனடாவிலிருந்து சீருடைக்குக் காசு அனுப்பிய அண்ணை என்று எல்லோரும் ஒரே இடத்தில். சாதாரணக் குழுவில் ஒருவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதாவது முப்பது பிள்ளைகளின் இலக்கங்களை யார் யாருக்கோ நாமே கொடுத்துவிட்டோம். பெற்றோரின் இலக்கங்களை மட்டும் சேர்த்து, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியதாக வைத்தாலே பயிற்சி நேரம் சொல்லப் போதும்.

காசு அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல கழகங்களுக்கு வலையும் இல்லை. ஆனால் "உனக்குச் சப்பாத்து வாங்கித் தாறன், ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று ஒரு பிள்ளைக்குத் தனியாகச் செய்தி போனால், அது உதவி இல்லை. முதலில் பரிசு, பிறகு இரகசியம், பிறகு ஒரு படம் கேட்பது. பிள்ளைகளை வளைத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறார்கள். அன்பளிப்பு எதுவானாலும் பொருளாளர் கையால் போகட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய பிழையாகப் படுவது பயிற்றுவிப்பாளரும் பிள்ளையும் தனியாகச் செய்தி பரிமாறுவது. "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று ஒருவர் கோபித்தும் இருக்கிறார். நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நல்லவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி என்று வைக்க முடியாதே. பிள்ளைக்கு எழுதுவதென்றால் தாயோ தகப்பனோ உள்ள குழுவில் எழுதுங்கள். நாளைக்கு யாராவது வீண்பழி சொன்னால் அவருக்கும் அதுதான் காவல். இரவு பத்து மணிக்கு "நல்லா விளையாடினாய்" என்று அனுப்பத் தேவையில்லை; காலையில் மைதானத்தில் சொல்லலாம்.

பேஸ்புக் பக்கத்துக்கு வருவோம். வெற்றிப் படத்தோடு பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, ஊர், "தினமும் மாலை 4 மணிக்குப் பயிற்சி" என்பது வரை போட்டுவிடுகிறோம். தெரியாத ஒருவர் ஒழுங்கையில் வந்து காத்து நிற்க வேறென்ன வேண்டும்? அணியாக நிற்கும் படம், முதற்பெயர், போட்டி முடிந்த பிறகு பதிவு, இவ்வளவு போதும். பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்தை நேரலையில் விடுவதற்கு முன் பெற்றோரிடமும் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய கையெழுத்தைக் காட்டி, வேண்டாம் என்கிற பிள்ளையின் படத்தைப் போடக்கூடாது.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால் நாம் செய்வது. போனைப் பறிக்கிறோம், "நீ ஏன் படம் அனுப்பினாய்?" என்று ஏசுகிறோம், வெட்கத்தில் செய்திகளையெல்லாம் அழித்துவிடுகிறோம். அப்புறம் கழகத்தின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகக் கூட்டத்திலேயே பேசி முடிக்கப் பார்க்கிறோம். ஏச்சு விழும் என்று தெரிந்தால் அடுத்த பிள்ளை வாயே திறக்காது. செய்திகளை அழிக்காமல் போன் திரையில் தெரிவதை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதைப் பிரதி எடுக்கவோ, ஆதாரம் என்று இன்னொருவருக்கு அனுப்பவோ வேண்டாம், பரப்புவதே குற்றம். போனை அப்படியே வைத்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கும் போகலாம். 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவுவதைத் தடுக்க உதவும் 'டேக் இட் டவுன்' (Take It Down) என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதைப் பயன்படுத்தலாம்.

சரி, உங்கள் கழகப் பக்கத்தின் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது? எங்களுடையது சுவிஸுக்குப் போய் மூன்று வருடமான ஒரு தம்பியிடம் இருந்தது. போன மாதம்தான் மாற்றினோம்.