அச்சுக் கான்கிரீட் முற்றமும் நடைபாதையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைல்ஸ் பதித்த முற்றத்தில் ஒரு டைல் உடைந்தால் அதை மட்டும் பெயர்த்தெடுத்து வேறொன்றைப் பதித்துவிடலாம். கற்கள் அடுக்கிய நடைபாதையில் ஓரிடம் இறங்கினால் அங்குள்ள நாலைந்து கற்களைக் கிளப்பி, மணலை நிரவி, மீண்டும் வைத்துவிடலாம். இறுகத் தொடங்கும் கான்கிரீட்டின் மேல் ரப்பர் அச்சுகளை அழுத்திக் கல், செங்கல், மரப்பலகை போன்ற தோற்றத்தை வரவழைக்கும் ‘ஸ்டாம்ப்டு கான்கிரீட்’ தளத்தில் அந்த வசதி கிடையாது. பார்வைக்கு நூறு கற்களாகத் தெரிந்தாலும் அது ஒரே பாளம். நிறமும் அச்சும் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் ஏறிவிடுகின்றன. அப்போது நேர்ந்த பிழையைப் பின்னர் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தாலும், ஒட்டின் நிறம் பழைய தளத்தின் நிறத்தோடு முழுமையாகச் சேர்வது மிக அரிது. ஆகவே, இங்கே தவிர்க்க வேண்டிய தவறுகளில் பெரும்பாலானவை கான்கிரீட் வந்து இறங்குவதற்கு முன்பே தவிர்க்கப்பட வேண்டியவை. ஆனால் வீட்டுக்காரரின் கவனம் முழுவதும் எந்த வடிவம், எந்த நிறம் என்பதிலேயே போய்விடுவதைத்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

படத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்தல்

அந்த வடிவத்தையும் நிறத்தையும்கூடப் பலர் அச்சிட்ட அட்டையிலோ கைபேசித் திரையிலோ பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முடிந்த தளத்தில் நாம் காணும் நிறம் ஒற்றை நிறமன்று. கலவைக்குள்ளேயே சேர்த்த நிறமியோ மேலே தூவிய நிறப்பொடியோ அடிநிறத்தைத் தருகிறது. அச்சு ஒட்டாமல் இருக்கத் தூவும் பிரிப்புப் பொடியின் நிறம், கழுவிய பிறகும் பள்ளங்களிலும் கோடுகளிலும் சிறிதளவு தங்கி, கல்லுக்குரிய நிழலை உண்டாக்குகிறது. இறுதியில் தளத்தைக் காக்கப் பூசும் மேற்பூச்சான சீலர் இவை இரண்டையும் அடர்த்தியாக்குகிறது. சிமெண்டின் சொந்த நிறமும் கலவையில் சேரும் நீரின் அளவும்கூட இதை மாற்றக்கூடியவை. எனவே, வேலையில் பயன்படப்போகும் அதே கலவை, அதே அச்சு, அதே பொடி, அதே சீலர் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரத்தில் மாதிரிப் பலகை ஒன்றை வார்த்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் காய்ந்த நிலையிலும் நீர் ஊற்றிய நிலையிலும், உச்சி வெயிலிலும் மாலை வெளிச்சத்திலும் பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். இதற்குச் செலவாகும் சிமெண்டும் நேரமும், பிடிக்காத நிறத்தோடு இருபது ஆண்டுகள் வாழ்வதைவிட மிகச் சிறிய விலைதான்.

நிறமியைக் கலவைக்குள் சேர்ப்பதா, மேலே தூவுவதா என்பதையும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. கலவைக்குள் சேர்க்கும் நிறம் பாளத்தின் முழுத் தடிமனுக்கும் பரவியிருப்பதால் ஓரம் சிதைந்தாலும் உள்ளே வெறும் சாம்பல் நிறம் தெரியாது. தூவும் பொடியில் நிறமியோடு சிமெண்டும் நுண்ணிய மணலும் சேர்ந்திருப்பதால் அது மேற்பரப்பை உறுதியாக்கி, நிறத்தையும் எடுப்பாகக் காட்டும். ஆனால் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ என்ற கணக்கில், இரண்டு தவணையாக, எல்லா இடத்திலும் சீராகத் தூவும் கை அதற்கு வேண்டும். அந்தக் கை இல்லாத இடத்தில் கலவை நிறமே பாதுகாப்பானது.

வடிவத்தில் ஆழமான கோடுகளைப் பலர் விரும்புகிறார்கள். நாற்காலி, மேசை போடும் இடத்தில் அவை கால்களை ஆட்டிவிடும். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் பயன்படுத்துவோருக்கு அவை நாள்தோறும் இடையூறு. வெறுங்காலோடு நடக்கும் முற்றத்தில் கருஞ்சாம்பல், அடர்பழுப்பு போன்ற நிறங்கள் வெயிலில் எவ்வளவு சுடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்ணை மறந்துவிடுதல்

வீட்டுச் சுவரை ஒட்டிய மண் பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டிய பிறகு திரும்பக் கொட்டி நிரப்பிய மண். பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் சில மழைகளுக்குப் பிறகு அது இறங்கும். அதன் மேல் கிடக்கும் பாளம் வீட்டை நோக்கிச் சாயும் அல்லது நடுவில் ஒடியும். மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றி, சிறிது சிறிதாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் சுமார் 100 மி.மீ. கனத்துக்கு ஜல்லிப் படுகை போட்ட பிறகே கான்கிரீட் வர வேண்டும். ஆள் நடக்கும் தளத்துக்கு 100 மி.மீ. கனம் வேண்டும், வண்டி ஏறும் இடத்துக்கு 125 முதல் 150 மி.மீ. வரை தேவை. அச்சின் பள்ளம் இறங்கும் இடத்தில் பாளத்தின் கனம் அந்த அளவுக்குக் குறைகிறது என்பதால், ஓரங்களில் 75 மி.மீ. போதும் என்று சொல்பவரை ஏற்க வேண்டாம்.

வாட்டம் மற்றொன்று. நீர் வீட்டை விட்டு வெளியே ஓடும்படி ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வரை சரிவு தர வேண்டும். வழவழப்பான சிமெண்டுத் தரையில் ஓடிவிடும் நீர், அச்சுத் தளத்தின் கோடுகளிலும் குழிகளிலும் தங்கும் என்பதால் இங்கே அந்த அளவின் மேல் எல்லையை ஒட்டிச் செல்வதே நல்லது. தேங்கிய நீர் இருக்குமிடத்தில் பாசி பிடிக்கும், சீலர் வெளுக்கும்.

கம்பி வலை போடுபவர்கள் அதைத் தரையில் விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம் என்பார்கள். அதன் மேலேயே ஆட்கள் மிதித்து நடப்பதால் அது மறுபடி அடியிலேயே போய்க் கிடக்கும். கவர் பிளாக் என்னும் சிறு தாங்கு கட்டைகளை அடியில் வைத்து, பாளத்தின் நடுக்கனத்துக்கு வலையை உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்களா என்பதை முன்பே குனிந்து பார்த்துவிட வேண்டும். தோட்டத்துக்கு நீர்க்குழாயோ விளக்குக்கு மின்கம்பியோ பின்னாளில் வேண்டியிருக்கலாம் என்று தோன்றினால், நடைபாதைக்குக் குறுக்காக அடியில் ஒரு வெற்றுக் குழாயையும் இப்போதே புதைத்துவிடுங்கள்.

இணைப்புக் கோடுகளைத் தவிர்க்கப் பார்த்தல்

இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்பது என் கருத்து. கான்கிரீட் காயும்போது சுருங்கும்; சுருங்குவதைத் தரை தடுக்கும்; அதனால் வெடிக்கும். கம்பி அந்த வெடிப்பை அகலாமல் பிடித்து வைக்குமே தவிர, வராமல் தடுக்காது. எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து, அங்கே ஒரு வெட்டு போட்டு வைப்பதே இணைப்புக் கோடு. அது கல் வடிவத்தின் குறுக்கே ஓடி அழகைக் கெடுக்கிறது என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்க, ஒப்பந்தக்காரரும் சரி என்று விட்டுவிடுகிறார். அடுத்த கோடையில் அதே இடத்துக்கு அருகே, கற்களின் நடுவே, கோணலாக ஒரு வெடிப்பு தானே கோடு போட்டுக்கொள்கிறது.

100 மி.மீ. கனமுள்ள பாளத்தில் கோடுகளுக்கு இடையே 2.4 முதல் 3 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. வெட்டின் ஆழம் கனத்தில் குறைந்தது கால் பங்கு, அதாவது 25 மி.மீ. இருக்க வேண்டும். மேலோட்டமாக இழுத்த 10 மி.மீ. கோடு கண்ணுக்குத்தான் கோடு, கான்கிரீட்டுக்கு அன்று. கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்க வேண்டும்; நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்குப்படி 1.2 மீட்டர் அகலமுள்ள நடைபாதையில் 1.8 மீட்டருக்கு ஒரு வெட்டாவது வந்தாக வேண்டும். வீட்டின் மூலை, தூண், சாக்கடை மூடி போன்றவை பாளத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும் முனைகளிலிருந்துதான் வெடிப்பு பெரும்பாலும் கிளம்பும் என்பதால், ஒரு கோடாவது அந்த முனையைத் தொட்டுச் செல்ல வேண்டும். சுவரோடும் தூணோடும் பாளம் நேரடியாக ஒட்டாதபடி, நெகிழ்வுள்ள பட்டை ஒன்றை இடையில் முழு ஆழத்துக்கும் வைப்பதும் இதனோடு சேர்ந்த வேலையே.

அழகுக்கும் வழி உண்டு. அச்சின் ஒரு கல்லுடைய அளவு தெரிந்தால், வெட்டுகள் கற்களின் இடைக்கோட்டிலேயே விழும்படி முன்னதாகத் தாளில் வரைந்துவிடலாம். ஒழுங்கற்ற கல் வடிவமாக இருந்தால், வெட்டு விழும் இடங்களில் குறுக்காகச் செங்கல் வடிவப் பட்டை ஒன்று ஓடும்படி அமைத்து, அதன் விளிம்பில் வெட்டை மறைக்கலாம். இந்த வரைபடம் கையில் இல்லாமல் வேலை தொடங்க அனுமதிக்காதீர்கள்.

அச்சு பதிக்கும் நேரத்தைத் தவறவிடுதல்

கலவை வந்து இறங்கியதும், பரப்புவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நீர் சேர்ப்பது பழகிப்போன வழக்கம். அதனால் வலிமை குறைகிறது, சுருக்கம் கூடுகிறது. நிறமுள்ள கலவையில் ஒரு தொகுதி ஒரு நிறமாகவும் அடுத்த தொகுதி வெளிறியும் போவது இதற்கெல்லாம் மேலான கேடு. குளிர்நாளில் சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு சேர்க்கலாம் என்பார்கள். நிறக் கான்கிரீட்டில் அது திட்டுத்திட்டாக நிறம் மாறச் செய்யும் என்பதால் அதை விலக்க வேண்டும்.

பரப்பி மட்டம் செய்த பிறகு மேலே கசிந்து வரும் நீர் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நீர் பளபளவென்று நிற்கும்போதே நிறப்பொடியைத் தூவித் தேய்த்தால், நீர் மேற்பரப்பின் அடியில் சிக்கி, பிறகு மேல்தோல் செதில் செதிலாக உரியும். பிறகு விரலால் சோதிக்க வேண்டும். விரலை அழுத்தினால் சுமார் 5 மி.மீ. குழி விழ வேண்டும், குழியின் ஓரம் குலையாமல் நிற்க வேண்டும், விரலில் பசை ஒட்டி வரக் கூடாது. குழி ஆழமாக விழுந்து ஓரம் சரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அழுத்தியும் வெறும் ரேகை மட்டும் பதிந்தால் நேரம் தப்பிவிட்டது என்று பொருள்.

ஒரு வீட்டில் நீண்ட முற்றமொன்றை மூன்று ஆட்களும் நான்கு அச்சுகளுமாகச் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரே மூச்சில் முழுவதையும் கொட்டிவிட்டார்கள். தொடங்கிய முனையில் அச்சு வெண்ணெயில் பதிவதுபோல இறங்கியது; பாதி தாண்டியதும் அச்சின் மேல் ஏறி நின்று இடிக்க வேண்டியிருந்தது; கடைசி மூன்று மீட்டரில் எவ்வளவு இடித்தும் பென்சிலால் வரைந்ததுபோன்ற கோடுகளே கிடைத்தன. அந்த முற்றத்தில் கண்ணை மூடி நடந்தாலும் எந்த முனை முதலில் செய்யப்பட்டது என்று கால் சொல்லிவிடும். வேலையாட்களின் உழைப்பில் குறை இல்லை. பரப்பளவுக்கும் கைகளுக்கும் உள்ள கணக்கை யாரும் போடவில்லை. தளத்தின் அகலம் முழுவதற்கும் ஒரு வரிசை அச்சுகளும், அடுத்த வரிசையைத் தொடங்க மேலும் ஒன்றிரண்டும், ஓரங்களுக்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய அச்சும் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் விடியற்காலையில் தொடங்கி, பெரிய தளத்தை இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துச் செய்ய வேண்டும். அப்படிப் பிரிக்கும் இடம் வெட்டுக் கோட்டிலேயே அமைந்துவிட்டால் அது தெரியவும் தெரியாது. முதல் வரிசைக்கு நூல் பிடித்து, நாலைந்து வரிசைக்கு ஒருமுறை சரிபார்க்காவிட்டால் முதல் அச்சில் இருந்த சிறு கோணல் மறுமுனையில் ஒரு சாணாக வளர்ந்து நிற்கும். பிரிப்புப் பொடி காற்றில் பறந்து சுவரிலும் மூச்சிலும் படியக்கூடியது. சுவருக்குத் தாளும் ஆட்களுக்கு முகக்கவசமும் வேண்டும்.

நீராற்றலும் சீலரும்

சாதாரணக் கான்கிரீட் இறுகும் நாட்களில் ஈரம் வற்றாமல் காக்க நாம் செய்யும் நீராற்றல் முறைகளை அப்படியே இங்கே செய்வது பிழை. ஈரச் சாக்கு கறையை விட்டுச் செல்லும். பிளாஸ்டிக் தாள் சுருக்கம் விழுந்த இடங்களில் வரிவரியாக நிறத்தை மாற்றும். எஞ்சிய பிரிப்புப் பொடியை ஓரிரு நாட்களுக்குப் பிறகு கழுவிவிட்டு, நிறத் தளத்துக்கென்று தயாரிக்கப்பட்ட நீராற்றல் பூச்சை இடுவதே முறை. அந்தப் பூச்சும் பின்னர் போடப்போகும் சீலரும் ஒத்துப்போகுமா என்பதை முன்பே கேட்டுவிட வேண்டும்.

சீலரைப் பொதுவாக 28 நாட்கள் கழித்து, தளம் நன்றாக உலர்ந்த பிறகு, நேர்வெயில் படாத வேளையில், மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் போட வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் பால்போல் வெளுக்கும். கொதிக்கும் தளத்தில் போட்டால் கொப்புளம் கிளம்பும். மழைநீர் படும் இடத்திலும் குளத்தோரத்திலும் வழுக்காமல் இருக்க, இரண்டாம் பூச்சோடு நுண்ணிய வழுக்குத்தடைப் பொடியைச் சேர்ப்பதைச் செலவென்று தள்ளிவிடக் கூடாது. பளபளப்பான அச்சுத் தளம் நனைந்தால் எண்ணெய் கொட்டியதுபோல வழுக்கும். பனி உறையும் நாடுகளில் காற்றுக் குமிழிகள் சேர்த்த கலவையைக் கேட்டு வாங்குவதும், குறிப்பாக முதல் குளிர்காலத்தில் உப்பைத் தூவாமல் மணலைத் தூவுவதும் அவசியம்.

பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே மெல்லிய அச்சுப் பூச்சு போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். தரை உறுதியாக இருந்தால் போடலாம். அதில் அசைகின்ற வெடிப்பு இருந்தால் அதே வெடிப்பு அதே இடத்தில் மேலேறி வரும்.

சீலர் பூச்சைப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் பளபளப்பு குறைந்தது என்பதற்காக ஆண்டுதோறும் பூச்சு மேல் பூச்சு ஏற்றுபவர்கள் அதைத் தடித்த தோலாக்கி, உரியவும் வெளுக்கவும் வழுக்கவும் செய்துவிடுகிறார்கள். ஒரு குவளை நீரைத் தளத்தில் ஊற்றிப் பார்த்தால் போதும்: நீர் முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் அந்த ஆண்டு பூச்சு தேவையில்லை, உள்ளே இறங்கித் தளம் கறுத்தால், நன்றாகக் கழுவிக் காயவிட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு.