பயணப் பையில் ஒரு ஸ்பீக்கர்

வேலைக்காக அடிக்கடி ஊர் ஊராகச் செல்பவர் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கும்போது ஒலிக்கு முன்பாக எடையைப் பார்க்க வேண்டும். அரைக் கிலோவைத் தாண்டினால் இரண்டாம் பயணத்திலேயே அதை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பத் தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆனது.

சார்ஜ் செய்ய யுஎஸ்பி-சி இருந்தால் மடிக்கணினியின் வயரே போதும். பெட்டியில் "12 மணி நேரம்" என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மிதமான ஒலியளவுக்குரிய கணக்கு. சத்தத்தைக் கூட்டினால் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஐபி67 என்ற குறியீட்டில் 6 தூசி புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையும் சொல்கின்றன. ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் தூசிக்கு உத்தரவாதம் இல்லை. குளிக்கும்போது பாட்டுக் கேட்க அதுவே போதும், கடற்கரைக்குப் போதாது.

உள்ளங்கை அளவுக் கருவியில் அதிரும் பேஸை எதிர்பார்ப்பது வீண் ஆசை. ஆனால் அறையின் மூலையில், சுவரை ஒட்டி வைத்துப் பாருங்கள். கீழ்ச்சுரங்கள் சட்டென்று கனத்து ஒலிக்கும். பக்கத்து அறைக்காரருக்கும் அது கேட்கும் என்பது வேறு விஷயம்.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் ஸ்பீக்கரைக் கைப்பையிலேயே வையுங்கள், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. மறக்காமல் அணைத்தும் விடுங்கள்.