மீன் தொட்டிக்கு மூடி வேணுமா? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதிதாக மீன் தொட்டி வைக்கப் போகிறவர்கள் பில்டர், லைட், மண், செடி என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குவார்கள். மூடி மட்டும் கடையில் தொட்டியோடு என்ன கொடுக்கிறார்களோ அதுதான். இல்லாவிட்டால் வீடியோவில் பார்த்த அழகுக்காக மூடியே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த வீடியோக்களில் பல குளிர் நாட்டில் எடுத்தவை, அங்கே மூடி போடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் தண்ணீரின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. சூட்டை எப்படி வெளியே விடுவது என்பதுதான் நம் கவலை. அதனால் நம் ஊருக்கென்று தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தொட்டி என்றால் வலை மூடி போடுங்கள். ஏன், எப்படி என்று பார்ப்போம். கணக்குக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும்.

படி 1: முதலில் மீன், அப்புறம்தான் மூடி

எந்த மீன் என்று தெரியாமல் மூடியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. ஜீப்ரா டேனியோ, ஸ்வார்டுடெயில், பைட்டர், கில்லி இவையெல்லாம் துள்ளும். குளத்திலிருந்து பிடித்து வந்த விரால் குஞ்சு, பனையேறிக் கெண்டை என்றால் கேட்கவே வேண்டாம், மூடியில்லாமல் வைக்கவே கூடாது. கப்பியும் மோலியும் கொஞ்சம் அடக்கம், ஆனாலும் ஆண் மீன் துரத்தும்போது பெண் மீன் வெளியே வந்து விழும். கோல்டு பிஷ் பெரும்பாலும் துள்ளாது. நத்தை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஆப்பிள் நத்தை கண்ணாடி வழியே ஏறி வெளியே போய்விடும், முட்டையையும் தண்ணீருக்கு மேலேதான் இடும்.

புது மீன் முதல் சில நாட்களில்தான் அதிகம் துள்ளும். இடம் புதிது, தண்ணீர் புதிது, இரவில் யாராவது திடீரென்று லைட் போட்டால் மிரண்டு பாயும். "என் மீன் துள்ளாது" என்று முதல் வாரத்தில் முடிவு கட்டாதீர்கள்.

படி 2: தொட்டி வைக்கும் இடத்தை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்

மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஊருக்கு ஊர் காற்று வேறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவும் வரும். தென்மேற்குப் பருவம் வீசும் மாதங்களில் அங்கே திறந்த தொட்டியில் தண்ணீர் வேகமாக இறங்கும், தூசியும் படியும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று, லைட்டின் திருகாணி முதல் இரும்புக் கிளிப் வரை எல்லாம் துருப்பிடிக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் மழை தொடங்கும்போது விளக்கைத் தேடி வருகிற வண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி லைட்டும் விளக்குதான். ஈசல் எல்லா ஊரிலும் உண்டு. நாலு ஈசல் விழுந்தால் மீனுக்கு விருந்து, கூட்டமாக விழுந்தால் மீன் தின்றது போக மிச்சம் அழுகித் தண்ணீர் கெட்டுவிடும்.

பூனை, பல்லி, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேலே சீலிங் பேன் நேராக ஓடுகிறதா என்றும்.

படி 3: டேப் ஒட்டி அளந்து பாருங்கள்

எப்படியும் மீன் விடுவதற்கு முன் தண்ணீர் பக்குவப்படுவதற்காகப் பில்டரைச் சில வாரம் ஓடவிடப் போகிறீர்கள். அதில் முதல் மூன்று நாள் மூடியில்லாமல் விடுங்கள். காலையில் தண்ணீர் மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூன்றாம் நாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். நம் 2 அடித் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 1.85 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். அளந்து முடித்ததும் மேலே கொசுவலைத் துணியைப் போட்டுவிடுங்கள், மீன் இல்லாத தண்ணீர் கொசுவுக்கு முட்டையிடும் இடம். மீன் வந்தபிறகு அந்தப் பயம் இல்லை, கொசுப்புழுவை அவை விட்டுவைக்காது.

தண்ணீர் ஆவியாவது வெறும் நஷ்டம் இல்லை. 1 லிட்டர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அறையின் சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் தண்ணீர் 2, 3 டிகிரி குளிர்ந்தாலே பெரிய விஷயம், ஆனால் அந்த 2, 3 டிகிரிதான் ஏப்ரல், மே மாதத்தில் மீனைக் காப்பாற்றுகிறது. 25 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் 7.6 மி.கி. தான். அடைத்து மூடிய தொட்டியில் சூடும் ஏறும், காற்றோட்டமும் குறையும். இதனால்தான் முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் ஹூடை நம் ஊருக்கு நான் சொல்வதில்லை.

படி 4: வலை மூடி செய்வது

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக் கொடுக்கிற அலுமினியம் கடைக்குப் போங்கள், அவர்களுக்கு இது சின்ன வேலை. அளவுதான் முக்கியம். மூடி தொட்டி விளிம்பின் மேல் உட்கார வேண்டுமா, உள்ளே கிளிப்பில் இறங்கி நிற்க வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். உள்ளே என்றால் உள் அளவை இரண்டு முனையிலும் நடுவிலும் எடுத்து, குறைந்த அளவிலிருந்து 3, 4 மி.மீ. கழித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும். வலை பைபர் அல்லது நைலானாக இருக்கட்டும். ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை), பித்தளை வலை வேண்டாம், சொட்டுகிற தண்ணீரோடு துத்தநாகமும் செம்பும் தொட்டியில் இறங்கினால் இறாலும் நத்தையும்தான் முதலில் சாகும். கொசுவலையின் கண் ரொம்பச் சின்னது, வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். செடி நிறைய வைப்பவர்கள் கண் பெரிய வலையாகக் கேட்டு வாங்குங்கள், குட்டி மீன் நுழையாத அளவு போதும்.

பில்டர் குழாய், வயர் போவதற்கு ஒரு மூலையை வெட்டச் சொல்வீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்துவிட்டால், டேனியோ சரியாக அதன் வழியாகத்தான் வெளியே வரும். பில்டரின் தண்ணீர் விழுகிற இடத்தில் மீன் எதிர்நீச்சல் போட்டு நிற்கும், துள்ளுவதும் அந்த இடத்தில்தான். குழாயை வைத்தபிறகு மிச்ச இடைவெளியில் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகிவிடுங்கள். தீனி போட முன்பக்கம் சின்னக் கதவு வைத்துக்கொண்டால் தினமும் மூடியைத் தூக்க வேண்டாம்.

படி 5: எப்போது கண்ணாடி மூடி, எப்போது திறந்த தொட்டி

பைட்டர், கௌராமி வைத்தால் கண்ணாடி மூடி நல்லது. அவை மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடுகிறவை, தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று ஈரமாக, இதமாக இருக்க வேண்டும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் 1, 1½ அங்குலம் விடுங்கள், பின்பக்கம் ஒரு சின்னப் பட்டை திறந்திருக்கட்டும். ஆரல்வாய்மொழி மாதிரி காற்றும் தூசியும் உள்ள ஊர்களுக்கும் இதுதான். 4 மி.மீ. கண்ணாடியில் நம் தொட்டிக்கு மூடி 2 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதனால் இரண்டு துண்டாக வெட்டி விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள். அக்ரிலிக் ஷீட் இலேசு, ஆனால் கீழே ஈரம் மேலே லைட் சூடு என்று சில வாரத்தில் வளைந்து எழும்பிவிடும்.

திறந்த தொட்டி கோல்டு பிஷுக்கும், மணி பிளாண்ட் வேரைத் தண்ணீரில் விட்டு மேலே வளரவிடுகிறவர்களுக்கும் பொருந்தும். பார்க்க அவ்வளவு அழகு, நானும் மறுக்கவில்லை. தண்ணீர் மட்டத்தை விளிம்பிலிருந்து 2 அங்குலமாவது கீழே வையுங்கள்.

எந்த மூடியானாலும் லைட் வயர் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே தொங்கி மறுபடி மேலே ஏறட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

படி 6: குறைந்த தண்ணீரை ஊற்றுவது

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பும் தாதுவும் தொட்டியிலேயே தங்கிவிடும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழை கொஞ்ச நேரம் பெய்து கூரை கழுவப்பட்டபிறகு மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) பிடித்த தண்ணீர் இதற்கு அருமையானது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கி ஊற்றுங்கள். குறைந்ததை ஊற்றுவது வேறு, வாராவாரம் ஒரு பங்கைத் தண்ணீர் மாற்றுவது வேறு. முதலாவதைச் செய்தால் இரண்டாவது வேண்டாம் என்று ஆகாது.

கடைசியாகக் கொசு மருந்து. ஸ்ப்ரே, காயில், செருகி வைக்கிற லிக்விட் மூன்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து, மீனுக்குக் கடும் விஷம். திறந்த தொட்டியும் வலை மூடியும் அதைத் தடுக்காது, கண்ணாடி மூடி போட்டிருந்தாலும் ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடும். தொட்டி இருக்கிற அறையில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். அடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் முழுக்க மூடி, அடித்து முடித்து ஜன்னல் எல்லாம் திறந்து காற்றோட்டம் வந்தபிறகு துணியை எடுத்துப் பம்பைப் போடுங்கள்.