கல்லணை வரை வந்த தண்ணீர் நம் மடைக்கு வரவில்லையா? யாரை எப்போது பிடிப்பது

மேட்டூரும் திறந்தாச்சு, கல்லணையும் திறந்தாச்சு, இன்னும் நம்ம மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் டீக்கடையில் முதலில் திட்டு வாங்குவது கர்நாடகம்தான். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்புப்படி சாதாரண ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரிக் கணக்கே இருக்கிறது, அதைக் கண்காணிக்கக் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் உண்டு. அந்தச் சண்டை அரசாங்கங்களுக்கு இடையில். நாம் மனு எழுதி அதில் ஒன்றும் நகராது. ஆனால் கல்லணை தாண்டி வந்த தண்ணீர் ஊர் எல்லையில் நின்றுவிட்டால், அதை நகர்த்த நம்மால் முடியும்.

முதலில் வாய்க்காலை நடந்து பாருங்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். சம்பா அறுப்பு முடிந்து, வாய்க்கால் காய்ந்து தரை தெரிகிற மாசி மாதத்தில் தலைப்பு மதகிலிருந்து கடைசி மடை வரை நாலு பேராக நடங்கள். எங்கே மண் மேடு, எங்கே கோரை, எந்த ஷட்டர் துருப்பிடித்திருக்கிறது, எந்த வீட்டுச் சுவர் கரைக்குள் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் புல எண்ணோடு எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நெருங்கி மே கடைசியில் ஓடுவதில் பயனில்லை. கோடையில் தூர்வாருகிற பட்டியல் அதற்குள் முடிவாகியிருக்கும்.

அப்புறம் அந்தக் குறிப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இதில்தான். ஆறும், அதிலிருந்து பிரியும் ஏ வாய்க்காலும், ஏ-யிலிருந்து பிரியும் பி வாய்க்காலும் நீர்வளத் துறையுடையவை (2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்ததால் ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி.தான்). அதற்குள்ளும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று ஆறு பிரிகிற மாதிரியே ஆபீஸும் பிரிகிறது. வெண்ணாற்றுப் பாசனக்காரர் காவிரி வடிநிலக் கோட்டத்தில் மனு கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றிலிருந்து கிளைக்கும் சி, டி பிரிவு வாய்க்காலைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. அதற்கும் சின்னதென்றால் ஊராட்சி. ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாரும் சர்வேயரும் வந்து அளந்தாக வேண்டும், பொறியாளரைத் திட்டிப் பலனில்லை. சாலைக்குக் கீழே போகும் குழாய்ப் பாலமோ அந்தச் சாலையைப் போட்டவர்களுடையது. ரயில் பாதைக்கு அடியில் என்றால் ரயில்வே. காரைக்கால் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு தலைவலி, வாய்க்கால் எல்லையைத் தாண்டியதும் அது புதுச்சேரி அரசின் கையில் போய்விடும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சாலையை உயர்த்தியவர்கள் குழாயையும் வாய்க்கால் தரையைவிட ஓர் அடி மேலே வைத்துவிட்டார்கள். வருடா வருடம் பொக்லைன் வந்து இரண்டு பக்கமும் அள்ளிப் போட்டது, தண்ணீர் மட்டும் நடுவில் குளமாக நின்றது. மனு கொடுத்தால் ஒவ்வொரு துறையும் "எங்கள் பகுதியில் குறைபாடு இல்லை" என்று பதில் எழுதியது, அதில் யாரும் பொய் சொல்லவும் இல்லை! கடைசியில் இரண்டு துறைக்காரர்களும் ஒரே நாளில் வந்து மட்டம் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது, அதற்கு நாங்கள் அலைந்தது இரண்டு வருடம்.

அதனால் மனுவில் "எங்கள் ஊர் வாய்க்கால்களைத் தூர்வாரித் தர வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். ஓர் இடம், ஒரு குறை, புல எண், சம்பந்தப்பட்ட துறைகள், இவ்வளவு போதும். கேட்க வேண்டியது கூட்டுப் புலத்தணிக்கைக்கு, அதாவது எல்லாத் துறையும் ஒன்றாக வந்து இடத்தைப் பார்ப்பதற்கு, ஒரு தேதி. இதைக் கொடுக்கத் தோதான இடம், கலெக்டர் மாதாமாதம் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அங்கேதான் இத்தனை துறை அதிகாரிகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள், "அது அவங்க வேலை சார்" என்று சொன்னால் அந்த "அவங்க" இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருப்பார். அதற்கு முன்பே மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தால் மனு தனி ஆள் புலம்பலாகத் தெரியாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

வேலை அனுமதியாகிவிட்டால் மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. எங்கிருந்து எதுவரை, எத்தனை ஆழம் என்று தெரிந்தால்தான் எந்திரம் வந்த அன்று கரையில் நின்று கேள்வி கேட்க முடியும்.

வடிகாலை மறந்துவிடாதீர்கள். டெல்டாவில் ஜூனில் தண்ணீர் வரவில்லை என்று அழுபவர்தான் ஐப்பசியில் தண்ணீர் வடியவில்லை என்றும் அழுவார். பாசன வாய்க்காலுக்குக் காட்டுகிற ஆர்வத்தில் பாதியைக்கூட வடிகாலுக்கு யாரும் காட்டுவதில்லை, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சம்பா மூழ்கிய பிறகு மறியல் செய்கிறோம். இதில் துறைகளைவிட ஊர்களைச் சேர்ப்பது கஷ்டம். மேலூர்க்காரர் ஷட்டரைத் தூக்கச் சொல்வார், கீழூர்க்காரர் இறக்கச் சொல்வார், நடுவில் ஷட்டரை ஏற்றி இறக்கும் துறை ஊழியரான லஸ்கர் மாட்டிக்கொள்வார். 2000-ல் வந்த சட்டப்படி உங்கள் பகுதியில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அங்கேயே, இல்லையென்றால் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, எவ்வளவு மழைக்கு எந்த ஷட்டர் எவ்வளவு திறப்பது என்று புரட்டாசிக்குள் பேசி எழுதுங்கள். அந்தத் தாளில் ஒரு நகல் உதவிப் பொறியாளருக்கு, இன்னொன்று லஸ்கர் கையில்.