நகரத்தில் மரம் நடுகிறீர்களா? தூரைப் புதைக்காதீர்கள்

மழை தொடங்கியதும் கன்றும் கடப்பாரையுமாகக் கிளம்பும் குழுக்களோடு நானும் போவதுண்டு. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழைகள் எல்லாம் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள்தான். தண்ணீர் ஊற்ற மறப்பது, வேலி போடாமல் விடுவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். நட்ட அன்று சரியாகவே தெரிந்து, சில வருடம் கழித்து மரத்தைக் கொல்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஆழமாக நடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது. "ஆழமா நட்டாத்தான் காத்துக்குச் சாயாது" என்று யாராவது ஒருவர் சொல்வார், உடனே கன்று முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

வேர்கள் பிரிகிற இடத்தில் தண்டு கொஞ்சம் விரிந்து அகலமாகும். அந்தத் தூர் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தண்டின் பட்டை எந்நேரமும் ஈர மண்ணுக்குள் கிடப்பதற்கு ஏற்றதல்ல. கிடந்தால் மெல்ல அழுகும், பூஞ்சை உள்ளே நுழையும். இன்னொரு பக்கம், வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். நீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலே உள்ள 30 முதல் 60 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும். அவற்றை அதற்கும் கீழே, வண்டியும் ஆளும் ஏறி இறுகிப்போன நகரத்து மண்ணில் கொண்டுபோய் வைத்தால் காற்று கிடைக்காது. அப்போது புது வேர்கள் காற்றைத் தேடி மேலே வரும், வந்து தண்டையே சுற்றிக்கொண்டு வளரும்.

கொடுமை என்னவென்றால், கன்று உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் துளிர்த்துக்கொண்டே இருக்கும், நட்டவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம் இலை சிறுக்கும், உச்சிக் கிளை காயும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள், உரம் போடுவார்கள். ஒரு சாலையோரத்தில் நன்றாக வளர்ந்த மரம் ஒன்று சாதாரணக் காற்றுக்கே விழுந்தது. மழையில் மண் இளகிவிட்டது என்றார்கள். புரட்டிப் பார்த்தால், மண்ணுக்குக் கீழே தண்டைச் சுற்றித் தடித்த வேர் ஒன்று சுருக்குக் கயிறு மாதிரி இறுக்கியிருந்தது, அந்த இடத்தில் தண்டு பாதியாகச் சிறுத்து ஒடிந்திருந்தது. அதே வரிசையில் நின்ற மற்ற மரங்களின் அடியையும் தோண்டிப் பார்த்தோம், எல்லாமே புதைந்திருந்தன. இயந்திரத்தால் ஒரே ஆழத்தில் குழி போட்டுவிட்டு, குழிக்கு ஏற்றபடி கன்றை இறக்கியிருக்கிறார்கள். கன்றைப் பார்த்துக் குழியின் ஆழத்தை முடிவு செய்திருந்தால் அந்த வரிசை முழுவதும் இன்று நிழல் தந்துகொண்டிருக்கும்.

சரி, எப்படி நடுவது? நர்சரிப் பையில் தெரியும் மண்மட்டத்தை நம்பாதீர்கள், பை மாற்றும்போதே தூருக்கு மேல் மண்ணைப் போட்டிருப்பார்கள். முதல் தடித்த வேர் கண்ணில் படும்வரை மேல்மண்ணைக் கையால் ஒதுக்குங்கள். அங்கிருந்து அடிவரை மண்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் குழியின் ஆழம், அகலம் மட்டும் மண்கட்டியின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. குழியின் அடியைக் கொத்தி இளக்க வேண்டாம், அடியில் எருவையும் கொட்ட வேண்டாம். எரு மக்கி அமுங்கும்போது கன்றும் சேர்ந்து இறங்கிவிடும். பக்கச் சுவர்களை மட்டும் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். குழியின் குறுக்கே ஒரு கம்பை வைத்துப் பாருங்கள், தூர் அந்தக் கம்புக்குச் சமமாகவோ ஒரு விரல் மேலாகவோ இருந்தால் போதும். பனை, தென்னை வகைகளின் வேரமைப்பே வேறு, நான் சொல்வது கிளை பிரிகிற மரங்களுக்கு.

ஏற்கெனவே ஆழமாக நட்டுவிட்டீர்களா? ஒரு வருடத்துக்குள் என்றால் மண்கட்டியோடு எடுத்து மறுபடி நடுங்கள். பழையது என்றால் தண்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கித் தூரைத் திறந்துவிடுங்கள், சுற்றிக்கொண்டிருக்கும் மெல்லிய வேர்களை நறுக்குங்கள். எல்லா மரமும் பிழைக்காது, ஆனால் பல மரங்கள் தேறும்.

சுருண்ட வேரை அப்படியே நடுவது

பையை முழுவதுமாகக் கிழித்து எடுங்கள். உள்ளே வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் மண்கட்டியின் பக்கங்களில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். வேரை வெட்டப் பயந்து விட்டால், அந்தச் சுருள் பருத்துப் பின்னாளில் தண்டை நெரிக்கும்.

மூடாக்கைத் தண்டில் குவிப்பது

சரியான ஆழத்தில் நட்டுவிட்டு மேலே மூடாக்காகப் போடும் சருகைக் கூம்பாகக் குவித்தால், அதுவும் தூரைப் புதைப்பதுதான். 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி.

முட்டுக் கம்பை மறந்துவிடுவது

காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். கம்பி வேண்டாம். இரும்புக் கூண்டையும் தண்டு அதைத் தொடுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

மின்கம்பிக்குக் கீழே பெரிய மரம்

நட்டால் ஆண்டுதோறும் தலையை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, காற்றில் முதலில் ஒடிவது அவைதான். கிளையை வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டோடு ஒட்ட வழிக்காதீர்கள், கிளை தொடங்கும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்புக் கட்டி உள்ளே அடைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ மரங்களை அறுத்து அறுத்துப் பார்த்து விளக்கினார். அந்த வளையத்தை வழித்துவிட்டால் தடுப்பே பலவீனமாகிவிடும். வெட்டுவாயில் பெயிண்ட் பூசுவதாலும் அழுகல் நிற்காது.

ஆணி

அடிக்காதீர்கள்.

தெரு முழுக்க ஒரே இனம்

பார்க்க அழகுதான். ஆனால் டச்சு எல்ம் நோய் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எல்ம் மர வரிசைகளைத் தெருத்தெருவாகக் காலி செய்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990இல் சொன்ன அளவு நகரங்களில் இன்றும் பயன்படுகிறது: மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்குள், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20க்குள், ஒரே குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30க்குள்.

தண்டின் அடியிலேயே தண்ணீர்

முதல் சில மாதம் சரி, அப்போது வேர் முழுவதும் அந்த மண்கட்டிக்குள்தான் இருக்கும். அதற்கப்புறம் வட்டப்பாத்தியை வருடாவருடம் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை மெதுவாக, மண் நன்றாக நனையும்வரை விடுவது மேல். முதல் இரண்டு மூன்று கோடைக்கு இதை விடாமல் செய்ய ஓர் ஆளைப் பேசி வைத்துவிட்டு அப்புறம் குழியைத் தோண்டுங்கள்.