ஆயில் குடித்த பெட்ரோல் ஜீப்

என் பழைய பெட்ரோல் ஜீப் 1000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் ஆயில் மிதக்கவில்லை. அப்படியென்றால் உள்ளேதான் எரிகிறது.

"ரிங் போயிருக்கும் சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம், புகை வந்த நேரம். ஏற்றத்தில் இழுக்கும்போது புகையே இல்லை. கொழுக்குமலைப் பாதை மாதிரி நீண்ட இறக்கத்தில், ஆக்ஸிலேட்டரை விட்டு லோ கியரில் இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தால் மட்டும் நீலப் புகை. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் (காற்றை அளந்து விடும் தகடு) மூடியிருக்கும்போது இன்டேக்கில், அதாவது காற்று உள்ளே போகும் வழியில், வெற்றிடம் கூடும். தேய்ந்த வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வளையம்) வழியாக அது ஆயிலை உறிஞ்சிவிடும். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில்தான் அதிகம் புகைக்கும்.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம், எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். எத்தனை நிம்மதி!

அப்புறம் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வ் உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே எல்லா சீல்களையும் மாற்றினோம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வும் அடைத்துக் கிடந்தது. அதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அடைத்தால் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். புதிதாகப் போட்டோம்.

இப்போது ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை ஆயில் ஊற்ற வேண்டியதில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை மட்டும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்தே பாருங்கள். சரிவில் பார்த்தால் அளவு சரியாகத் தெரியாது.